மாவு புளிக்காமல் பொங்க: மதுரை வெயிலில் இட்லி மாவு வியாபாரம் தொடங்குவோருக்கு

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள். செல்லூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விருந்தாளி. எனக்கு நாற்பது கிலோ மாவு ஆர்டர். அதுவரை பதினைந்து கிலோவைத் தாண்டியதில்லை. வழக்கம்போல மாலை நாலு மணிக்கு அரைத்து முடித்து, விடியக் காலை நாலு மணிக்குப் பொங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் படுத்துவிட்டேன். பத்தரை மணிக்குப் பூனை ஏதோ உருட்டுகிறது என்று எழுந்து வந்தால், தூக்குவாளி மூடி தரையில் கிடக்கிறது. மாவு வழிந்து அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டது. மிச்சத்தைக் காலையில் விற்றேன். முதல் பாக்கெட் வாங்கிய பக்கத்துத் தெரு அக்கா அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, "ஏத்தா, இது மாவா, கள்ளா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன். அவன் அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுபவன். "அத்தை, நீங்க ரூம் சூட்டைப் பாக்குறீங்க. மாவோட சூட்டைப் பாருங்க. நாங்க பீருக்கு அதைத்தான் பண்றோம்" என்றான். பழைய ஃப்ரிட்ஜில், சூட்டைப் பார்த்துத் தானே கரண்டைப் போட்டு அணைக்கும் ஒரு கண்ட்ரோலரை மாட்டி, உள்ளே இருப்பதை ஒரே சூட்டில் வைத்திருப்பது அவர்கள் வழக்கம். நம் ஊரில் பீர் காய்ச்சிப் பார்க்கலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் வித்தை இட்லி மாவுக்கு அப்படியே பொருந்துகிறது. நான் எட்டு மாதம் தடுமாறிக் கற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் தெர்மாமீட்டர், பிறகு மற்றதெல்லாம்

குச்சி போன்ற முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். எனக்கு ₹350 ஆனது. வேறு எதற்கும் காசு செலவழிக்காமல் ஒரு வாரம் இதை மட்டும் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். கிரைண்டரிலிருந்து வழித்த உடனே மாவின் சூடு எத்தனை, நாலு மணி நேரம் கழித்து எத்தனை, எத்தனை மணிக்கு இருமடங்கு உயர்ந்தது. இவை மூன்றும் போதும்.

என் நோட்டில் இருப்பது இது: மாவு 25 டிகிரியில் இருந்தால் பொங்க 13, 14 மணி நேரம். 29, 30 டிகிரியில் 8 முதல் 9 மணி நேரம். 34-ஐத் தாண்டினால் 5 மணி நேரத்தில் பொங்கிவிடும், ஆறாவது மணியில் புளிப்பு ஏறும், எட்டாவது மணியில் பொங்கினது அமுங்கி நீர் விட்டுவிடும். உங்கள் அரிசி, உளுந்து, உப்புக்கு ஏற்ப ஒன்றிரண்டு மணி நேரம் மாறலாம்.

காரணம் எளிது. உளுந்தோடும் அரிசியோடும் வரும் பாக்டீரியாக்கள்தான் மாவைப் புளிக்க வைக்கின்றன. முதலில் வேலை செய்பவை லூக்கோனோஸ்டாக் வகை. அவை காற்றை விடும், மாவு உப்பும். அடுத்து அமிலத்தைக் கூட்டுகிறவை வரிசையாக வருகின்றன. சூடு கூடினால் இரண்டாவது கூட்டம் முந்திக்கொள்ளும். பொங்கின கொஞ்ச நேரத்திலேயே புளித்துவிடுவது அதனால்தான். "நேரம் ஆகிவிட்டது" என்று கடிகாரத்தைப் பார்த்து மாவை எடுக்கும் பழக்கத்தை இந்த வாரத்தோடு விட்டுவிடுங்கள்.

2. மொட்டை மாடித் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்

நான் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆன தவறு இது. சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு மாடி டேங்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் வரும். ஒருநாள் தெர்மாமீட்டரைக் காட்டினேன், 39 காட்டியது. அதில் அரிசியைப் போட்டு நாலு மணி நேரம் வைத்தால், அரைப்பதற்கு முன்பே புளிப்பு தொடங்கிவிடும். ஊறின தண்ணீரில் நுரை கட்டினால் அதுதான் அடையாளம்.

காலையிலேயே தண்ணீர் பிடித்து மண்பானையில் ஊற்றி வையுங்கள். பானைத் தண்ணீர் வெயில் காலத்திலும் எனக்கு 27, 28-ல் நிற்கிறது. உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே ஊறவிடாமல் ஃப்ரிட்ஜில் வைத்து ஊறவையுங்கள். அரிசி ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரையுங்கள். உளுந்துத் தண்ணீரை மட்டும் கொட்ட வேண்டாம், ஃப்ரிட்ஜில் ஊறியதாக இருந்தால் அதிலேயே அரைக்கலாம்.

3. கிரைண்டரில்தான் ஜெயிப்பதும் தோற்பதும்

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் ஃப்ரிட்ஜே வாங்காமல் பாதிப் பிரச்சினை தீரும். கல்லும் கல்லும் உரசி உளுந்தை முப்பது நிமிடம் ஆட்டும்போது மாவு சூடாகும். 30 டிகிரியில் போட்ட உளுந்து 37, 38-ல் வெளியே வந்ததை அளந்திருக்கிறேன். அந்தச் சூட்டோடு பெரிய பாத்திரத்தில் ஊற்றி மூடினால், நடுவில் இருக்கும் மாவு விடியும் வரை ஆறாது. அழகர் ராத்திரி எனக்கு நடந்தது இதுதான்.

தண்ணீருக்குப் பதில் ஐஸ். கணக்கைச் சொல்கிறேன். 5 கிலோ இட்லி அரிசி, 1¼ கிலோ முழு உளுந்து, ஒரு கைப்பிடி வெந்தயம். எல்லாம் அரைத்து முடித்தால் ஏறக்குறைய 16 கிலோ மாவு. அரைக்க ஊற்றும் தண்ணீரில் 1 கிலோவை மட்டும் ஐஸாகப் போட்டால், காகிதக் கணக்குப்படி மொத்த மாவும் 8 டிகிரி வரை இறங்க வேண்டும். கல்லும் டிரம்மும் தங்கள் சூட்டைச் சேர்ப்பதால் எனக்குக் கையில் கிடைப்பது 6. வெயில் காலத்தில் 1½ கிலோ, ஆடி ஆவணியில் 1 கிலோ, ஐப்பசி மழையில் அரைக் கிலோ, மார்கழியில் ஒன்றும் வேண்டாம். இலக்கு ஒன்றுதான்: வழிக்கும்போது மாவு 28 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

ஐஸில் பெரும்பங்கை உளுந்துக்குக் கொடுங்கள். அதிக நேரம் ஆடுவது அதுதான். ஒரே தடவையில் கொட்டாமல், உடைத்த துண்டுகளாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு கை போடுங்கள்.

ஐஸ் உருகின பிறகு மாவு நீர்த்துவிட்டது என்று பலர் புலம்புவார்கள். ஐஸ் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ தண்ணீரைக் குறைத்தார்களா என்று கேளுங்கள். குறைத்திருக்க மாட்டார்கள்.

ஐஸ் ஃபேக்டரிப் பாளம் மலிவு. அது மீன் பெட்டிக்கு. குடிக்கும் தண்ணீரை நீங்களே டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்த ஐஸ் மட்டும்.

4. பாத்திரமும் உப்பும்

16 கிலோவை ஒரே அண்டாவில் ஊற்றாதீர்கள். 10 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் நாலில் நாலு நாலு கிலோவாகப் பிரியுங்கள். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சிறிய பாத்திரம் சீக்கிரம் ஆறும், ஓரமும் நடுவும் ஒரே சூட்டில் இருக்கும்.

உப்பு புளிப்பை மெதுவாக்கும். அதனால் வெயில் காலத்தில் கரைக்கும்போதே போட்டுவிடுங்கள். மார்கழி, தை இரண்டு மாதம் மட்டும் பொங்கின பிறகு போடுகிறேன். கை போட்டுக் கரைப்பதா கரண்டியா என்று வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. விற்கிற மாவுக்குக் கழுவிய கரண்டிதான்.

5. பழைய ஃப்ரிட்ஜும் கண்ட்ரோலரும்

வேண்டியது சிங்கிள் டோர், பனிக்கட்டி உறையும் பழைய மாடல். 180 லிட்டர் போதும். விசிறி வைத்துக் காற்று ஊதும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை வேண்டாம், அதன் உள் எலக்ட்ரானிக்ஸ் இந்த வேலைக்கு ஒத்துவராது. எனக்கு ₹4,000-க்குக் கிடைத்தது. வாங்குமுன் கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துச் சூடு இறங்குகிறதா பாருங்கள். "கேஸ் புதுசா அடிச்சிருக்குண்ணே" என்று அடுத்தவரிடம் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அப்படியே தூக்கி வந்த முதல் ஃப்ரிட்ஜ் எனக்கு மூன்றே வாரம் உழைத்தது.

கண்ட்ரோலர் எஸ்.டி.சி. 1000 என்ற பெயரில் கிடைக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. நான் வாங்கியபோது ₹900. இதில் மூன்று பொறிகள்:

ஒன்று, 12 வோல்ட், 24 வோல்ட், 110 வோல்ட், 220 வோல்ட் என்று ஒரே உருவத்தில் பல வகை வரும். நமக்கு 220 வோல்ட். ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே என்று ஆர்டர் போட்ட என் முதல் பெட்டி 12 வோல்ட்.

இரண்டு, இதன் பின்னால் சூட்டுக்கு ஒரு ஜோடி, குளிருக்கு ஒரு ஜோடி முனை இருக்கும். அவற்றிலிருந்து தானாகக் கரண்ட் வராது. அவை வெறும் சுவிட்சுகள். ஃபேஸ் ஒயரைத் தனியாக இழுத்துக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் "பீஸ் போச்சுக்கா" என்று சொன்ன எலக்ட்ரீஷியனை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியோடு வரும் படத்தைத் தூக்கி எறியாமல் அவரிடம் காட்டுங்கள்.

மூன்று, நீங்களே ஒயர் பிடிக்காதீர்கள். ஈரக் கையோடு புழங்கும் இடம். எர்த் இருக்கிற பிளக், மூடிய பிளாஸ்டிக் பெட்டி, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ₹950.

கண்ட்ரோலர் ஃப்ரிட்ஜின் கரண்டை மட்டும் போட்டு அணைக்கும். ஃப்ரிட்ஜின் சொந்தத் திருகை அதிகக் குளிரில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இந்த ஃப்ரிட்ஜ் இனி 29 டிகிரியில்தான் ஓடும். அதில் ஐஸும் உறையாது, பாலும் தாங்காது. விற்பனை மாவை வைக்க இன்னொரு ஃப்ரிட்ஜ் கட்டாயம். பலர் கணக்கில் விடுவது இந்த இரண்டாவது ஃப்ரிட்ஜைத்தான்.

சூட்டு முனையில் ஒரு 40 வாட் குண்டு பல்ப். மார்கழி, தையில் விடியற்காலை மதுரையிலும் 20, 21 டிகிரிக்கு வரும், அந்த இரண்டு மாதத்துக்குத் தேவைப்படும். பல்ப் மேல் ஓட்டை போட்ட தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், பாத்திரம் பட்டு உடையாது. எல்.இ.டி. பல்ப் சூடு தராது.

6. நாலு எண்கள்

கண்ட்ரோலரில் அமைக்க வேண்டியவை நாலே நாலு. எஃப்1 வேண்டிய சூடு: 29. எஃப்2 விட்டுக்கொடுக்கும் அளவு: 1. இப்படி வைத்தால் 30-க்கு ஏறியதும் ஃப்ரிட்ஜ் ஓடி 29-ல் நிற்கும், 28-க்கு இறங்கியதும் பல்ப் எரிந்து 29-ல் அணையும். எஃப்3 கம்ப்ரசருக்கு ஓய்வு: 5 நிமிடம். கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசர் தடுமாறி எரிந்துவிடாமல் காப்பது இதுதான், இதைக் குறைக்காதீர்கள். எஃப்4 சென்சார் திருத்தம்: டம்ளர் நிறைய உடைத்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து சென்சாரை ஐந்து நிமிடம் முக்குங்கள். 0 காட்ட வேண்டும். என்னுடையது 0.8 காட்டியது, எஃப்4-ல் மைனஸ் 0.8 வைத்தேன்.

சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். காற்று இரண்டு நிமிடத்தில் குளிர்ந்துவிடும், மாவு அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும். கண்ட்ரோலர் ஏமாந்து ஃப்ரிட்ஜை நிறுத்திவிடும். நடுப் பாத்திரத்தின் வெளிப்பக்கம், மாவு மட்டத்துக்குக் கீழே சென்சாரை ஒட்டி, அதன் மேல் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்து டேப் சுற்றுங்கள். அண்ணன் மகன் பீர் வாளிக்குச் செய்வதும் இதேதான். வீடியோ காலில் காட்டினான், அவன் தெர்மாகோலுக்குப் பதில் பழைய ஸ்பாஞ்ச் வைத்திருந்தான்.

மாவு 36-ல் வந்தாலும் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரோரம் இருக்கும் மாவு 22-க்குப் போய் உறங்கும், நடு மாவு 35-லேயே புளிக்கும். ஒரே பாத்திரத்தில் இரண்டு மாவு. மூன்றாவது படியைத் தாண்டி வந்த மாவுக்குத்தான் ஆறாவது படி.

7. எப்போது நிறுத்துவது

வீட்டுக்கென்றால் இருமடங்கு பொங்கவிடலாம். பாக்கெட்டுக்கு ஒன்றரை மடங்கிலேயே நிறுத்துங்கள். குளிர் ஏறும் வரை மாவு இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். பாத்திரத்தின் வெளியே ஒரு ரப்பர் பேண்டைத் தொடக்க மட்டத்தில் மாட்டி வைத்தால் எவ்வளவு உயர்ந்தது என்று டார்ச் அடித்தே பார்த்துவிடலாம், ஆனால் எவர்சில்வரில் உள்மட்டம் தெரியாது. அதனால் நான் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மாவை எடுத்து அதே ஃப்ரிட்ஜில் பக்கத்தில் வைக்கிறேன். டம்ளர் சொல்வதைப் பாத்திரம் கேட்கும்.

பாக்கெட்டுகளை இரண்டாவது ஃப்ரிட்ஜில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் தட்டையாகப் பரப்புங்கள். அடுக்கினால் நடுப் பாக்கெட் ஆறாமல் உப்பும். கவரின் மேல் மூலையில் ஊசிமுனை அளவு ஒரு துளை விடுங்கள். துளை இல்லாமல் கொடுத்த பத்துப் பாக்கெட்டில் மூன்று ஒரு கடை ஃப்ரிட்ஜில் வெடித்து, கடைக்காரரின் தயிர் பாக்கெட்டெல்லாம் மாவாகி, அன்றைய லாபம் துடைக்கிற துணிக்குப் போனது.

8. கரண்ட் இல்லாத நாள்

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று விடியற்காலையே பாக்கெட் போட்டு விற்றுவிடும்படி முந்தின மாலை அரைக்கும் நேரத்தை மாற்றுங்கள். சொல்லாமல் போகும் கரண்டுக்கு, இரண்டாவது ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு தண்ணீர் பாட்டிலை எப்போதும் உறைய வைத்திருங்கள். மாவு பொங்கும் ஃப்ரிட்ஜுக்குள் ஒன்றை வைத்துக் கதவைச் சாத்தினால் மூன்று மணி நேரம் ஓட்டலாம்.

9. காகிதங்கள்

முதல் கிலோ விற்கும் முன்பே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம். நான் 2023-ல் பதிவு செய்தபோது, ஆண்டு விற்பனை ₹12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு ₹100. விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தையும் வரம்பையும் தளத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேட்டவை: புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று. வாடகை வீடு என்றால் ஒப்பந்தப் பத்திரமும் வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும். கடிதம் வாங்கத்தான் எனக்கு இருபது நாள் ஆனது, பதிவுக்கு அல்ல. அப்போதைய விதிப்படி ஏழு நாளில் பதிவைத் தர வேண்டும், காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்ல வேண்டும்.

₹100 கட்டணத்துக்கு ₹2,500 கேட்ட ஏஜெண்ட் ஒருவரிடம் நான் முன்பணம் கொடுத்து ஏமாந்தேன். அவர் ஓராண்டுக்குத்தான் கட்டியிருந்தார், ஐந்தாண்டு என்று சொல்லி. ரசீதில் எத்தனை ஆண்டு என்று பார்க்காமல் விட்டது என் தவறு.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் கார்டும் போதும். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பணம் கேட்கும் தனியார் தளங்கள். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

எடை மெஷினுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும். மாவைத் தொடுகிறவருக்கு ஆண்டுக்கொரு மருத்துவச் சான்று. பாக்கெட்டில் பெயர், முகவரி, எடை, விலை, பேக் செய்த தேதி, எத்தனை நாள் தாங்கும், தொடர்பு எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தந்த 14 இலக்கப் பதிவு எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி. தாங்கும் நாளை மூன்று என்று போடுகிறேன். ஐந்து போடும் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து நீங்களும் ஐந்து போடாதீர்கள். உங்கள் மாவை உங்கள் ஃப்ரிட்ஜில் வைத்து நாலாம் நாள் இட்லி ஊற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு சின்ன வியாபாரத்துக்குத் தேவைப்படாது. பெரிய கிரைண்டர் மாட்டும் முன் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எந்தக் கட்டணப் பிரிவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

10. செலவும் நேரமும்

தெர்மாமீட்டர் ₹350, கண்ட்ரோலர் ₹900, பழைய ஃப்ரிட்ஜ் ₹4,000, ஒயரிங் ₹950. ஆக ₹6,200. இதில் நான் வீணாக்கிய முதல் ஃப்ரிட்ஜும் 12 வோல்ட் பெட்டியும் சேரவில்லை. கிரைண்டரும் இரண்டாவது ஃப்ரிட்ஜும் வீட்டில் ஏற்கெனவே இருந்தன.

நேரத்தை இப்படி வையுங்கள்: முதல் வாரம் அளப்பது மட்டும். இரண்டாம் வாரம் ஐஸ். மூன்றாம் வாரம் ஃப்ரிட்ஜ் மாட்டி, வெறும் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நாலாம் வாரம் நாலு கிலோ மாவு. பதிவுக்கான விண்ணப்பத்தை முதல் வாரமே போட்டுவிட்டால் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

இப்போது மாலை ஆறரைக்கு மாவைக் கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்து மூடுகிறேன். மூன்றரைக்கு டம்ளரைப் பார்க்கிறேன், நாலரைக்குள் பாக்கெட் முடிந்துவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு நாற்பது கிலோ கேட்டால் இன்றும் மறுத்துவிடுகிறேன். என் ஃப்ரிட்ஜில் நாலு பாத்திரம்தான் நிற்கும்.